ரெக்கார்டு நோட்டும் இடுக்குப்புள்ளியும்

(மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலருடைய பைகளில் இந்த நேரத்தில் திருத்த வேண்டிய ரெக்கார்டு நோட்டுகள் நாலைந்தாவது இருக்கும். அங்கிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன். கோடிட்ட தாளில் நோக்கம், செய்முறை, நிரல் (கணினிக்குத் தரும் கட்டளைத் தொகுப்பு). எதிரே வெள்ளைத் தாளில் வெளியீடு. அடியில் ‘நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு முடிவு சரிபார்க்கப்பட்டது’ என்ற வாக்கியம். அந்த வாக்கியத்துக்குக் கீழே பல ஆண்டுகள் நானும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு நாள், மின்சாரம் போய் ஆய்வகத்துக் கணினிகள் எல்லாம் அணைந்து கிடந்த வேளையில், ஒரு மாணவன் வெளியீட்டுப் பக்கத்தை மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். “ஓட்டிப் பார்க்காமலேயே விடையை எப்படித் தம்பி எழுதுகிறாய்?” என்று கேட்டேன். “போன வருஷத்து அண்ணன் நோட்டுல இருக்கு சார்” என்று அவன் சற்றும் தயங்காமல் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. நோட்டு அப்படித்தான் எழுதப்படும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்று மாலை, மேசைமேல் அடுக்கியிருந்த நாற்பது நோட்டுகளையும் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு பிழைச் செய்தி இல்லை. ‘நான் நினைத்தது ஒன்று, வந்தது வேறொன்று’ என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

கணினி அறிவியலில் ஆழ்ந்த புரிதலை வளர்ப்பது எப்படி, படைப்பூக்கத்தை வளர்ப்பது எப்படி என்று இரண்டு தலைப்புகளில் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அவை இரண்டாகத் தெரியவில்லை. மாணவர் ஒன்றை எதிர்பார்த்து, இயந்திரம் வேறொன்றைக் காட்டி, அவர் திகைத்து நிற்கும் அந்த நொடியில்தான் புரிதலும் பிறக்கிறது, ‘அப்படியானால் இப்படிச் செய்து பார்க்கலாமே’ என்ற எண்ணமும் பிறக்கிறது. நம்முடைய பாடமும் நோட்டும் தேர்வும் அந்த நொடி வந்துவிடாதபடி வெகு கவனமாக அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பாடத்தை வடிவமைப்பது என்பதை, அந்த நொடியை எங்கே, எவ்வளவு அடிக்கடி வரவழைப்பது என்ற கேள்வியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாணவர்களால் நிரல் எழுத முடியவில்லை என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை என்று நாம் நாண வேண்டியதில்லை. 2001-இல் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு, நான்கு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 216 மாணவர்களிடம், முதலாண்டு நிரலாக்கப் பாடத்தை முடித்த நிலையில், எளிய கணிப்பான் ஒன்றுக்கு நிரல் எழுதச் சொல்லிச் சோதித்தது. சராசரி மதிப்பெண் 110-க்கு 22.89. படிப்பு முடிந்தது, தேர்வும் முடிந்தது, ஆனால் நிரல் எழுத வரவில்லை. பிரச்சினையைப் பகுத்து ஆராயும் திறன் போதவில்லை என்று அப்போது பலரும் எண்ணினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, ரேமண்ட் லிஸ்டரும் அவருடைய கூட்டாளிகளும் ஏழு நாடுகளின் மாணவர்களிடம் அதைவிட எளிய ஒன்றைக் கேட்டார்கள். எழுத வேண்டாம், ஏற்கெனவே எழுதப்பட்ட சிறு நிரலைப் படித்து, அது ஓடி முடிந்தபின் மாறியில், அதாவது மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயரிட்ட இடத்தில், என்ன இருக்கும் என்று சொன்னால் போதும் என்றார்கள். பலருக்கு அதுவே தடுமாற்றமாக இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையிடம் கட்டுரை எழுதச் சொல்லி, கற்பனை வளம் இல்லை என்று கடிந்துகொள்வதைத்தான் நாம் செய்துகொண்டிருந்தோம்.

எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. கரும்பலகையில் மூன்று வரிகள் எழுதுகிறேன். அ-வில் 5 வை. ஆ-வில் அ-வை வை. அ-வில் 7 வை. இப்போது ஆ-வில் இருப்பது என்ன? நம் வகுப்பில் இதற்கு மூன்று நான்கு விடைகள் வரும். 5 என்போர் சரியாகச் சொல்கிறார்கள். 7 என்போர் கணக்கு வகுப்பிலிருந்து சமக்குறியைக் கையோடு கொண்டுவந்தவர்கள்; ஆ = அ என்றால் அது என்றைக்கும் சமம்தானே என்பது அவர்களுடைய நியாயம், அந்த நியாயம் கணக்கு வகுப்பில் முற்றிலும் சரி. இன்னும் சிலர், இரண்டாவது வரிக்குப் பிறகு அ காலியாகிவிடும் என்பார்கள். இந்தக் கடைசி வகையினர் எங்கிருந்து வருகிறார்கள் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

விடை என் மேசைமேலேயே இருந்தது. இரண்டு மாறிகளின் மதிப்புகளை இடம் மாற்றும் பாடத்துக்கு நான் இரண்டு டம்ளர்கள் கொண்டுபோவேன், ஒன்றில் பால், மற்றொன்றில் காபி. மூன்றாவதாக ஒரு காலி டம்ளர் இல்லாமல் இடம் மாற்ற முடியாது என்று ஊற்றிக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், உங்களிலும் பலர் டம்ளரைக் கையில் எடுத்தவர்களாகத்தான் இருப்பீர்கள். ஆனால் ஊற்றினால் டம்ளர் காலியாகும். மாறியின் மதிப்பை இன்னொன்றில் வைத்தாலோ முதல் மாறி காலியாவதில்லை. அந்த மாணவர்கள் என்னைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள். தவறான இயந்திரத்தை அவர்கள் தலைக்குள் பொருத்திவிட்டவன் நான். இப்போது நான் சிலேட்டைப் பயன்படுத்துகிறேன். ஒரு சிலேட்டில் இருப்பதைப் பார்த்து இன்னொரு சிலேட்டில் எழுதினால் முதலாவது அழிவதில்லை. இரண்டாவதில் முன்பு எழுதியிருந்தது மட்டும் அழிகிறது. ஒரு மாறிக்குள் 5-உம் 7-உம் ஒன்றாகக் குடியிருக்கும் என்று நினைக்கும் பிள்ளைக்கும் அந்த அழிரப்பர் விடை சொல்லிவிடுகிறது.

சிலேட்டும் கடைசிவரை கூட வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியைப் படிக்கும்வரை அது நன்றாகவே பொருந்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்ற நிரல்மொழியில் பட்டியல் பாடம் வந்ததும் உடைந்துபோகிறது. ஒரு பட்டியலை அ என்கிறோம், ஆ = அ என்று எழுதுகிறோம், ஆ-வின் முடிவில் ஓர் உறுப்பைச் சேர்க்கிறோம்; அ-வை அச்சிட்டால் அதிலும் அந்த உறுப்பு நிற்கிறது. சிலேட்டை நம்பியவர்களுக்கு இது மாயமாகத் தெரியும். இங்கே நான் சொல்வது பெயர்க் கதை. வீட்டில் பாப்பா, பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர்; பாப்பாவுக்கு மொட்டையடித்தால் பதிவேட்டுப் பெயருக்கு உரியவளும் மொட்டைத் தலையோடுதான் பள்ளிக்கு வருவாள். (துல்லியமாகப் பார்த்தால் பைத்தானில் எண்களுக்கும் பெயர்தான் சூட்டப்படுகிறது, எண்ணுக்கு யாரும் மொட்டையடிக்க முடியாது என்பதால் அங்கே வேறுபாடு வெளியே தெரிவதில்லை.) ஓர் உவமை எந்த இடத்தில் உடையும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்து, அது உடையும் நாளைப் பாடத்திட்டத்தில் ஒரு பாடமாகவே குறித்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து. சென்ற மாதம் நம்பியிருந்த படத்தை இந்த மாதம் தானே கைவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளும் மாணவர், இயந்திரத்தைப் பற்றி மட்டுமன்றித் தன் சிந்தனையைப் பற்றியும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்.

இப்படித் தலைக்குள் ஓடும் கற்பனை இயந்திரத்தின் முக்கியத்துவத்தை எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் பிரிட்டனைச் சேர்ந்த பென் டு பூலே. 1981-இல் அவரும் வேறு இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, புதிதாகக் கற்பவருக்கு உண்மைக் கணினியின் உட்பகுதி முழுவதும் தேவையில்லை, அவர் எழுதும் கட்டளைகளுக்கு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் காட்டும் எளிய, முரணற்ற இயந்திரம் ஒன்று மனத்தில் இருந்தாக வேண்டும் என்று வாதிட்டது. இன்று இதற்குக் கருவிகளும் வந்துவிட்டன. பிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டர், நிரல் வரி வரியாக ஓடும்போது எந்தப் பெயர் எதைச் சுட்டுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பாலிடெக்னிக்கைச் சேர்ந்த டேல் பார்சன்ஸும் பாட்ரீஷியா ஹேடனும் 2006-இல் முன்வைத்த பயிற்சி வகை, சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக்கொடுத்து ஒழுங்குபடுத்தச் சொல்கிறது; அதற்குக் கணினியே வேண்டாம், கத்தரிக்கோலும் தாளும் போதும். இங்கிலாந்தில் சூ சென்டன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் வகுத்த முறையில் மாணவர் முதலில் ஊகிக்கிறார், பிறகுதான் ஓட்டுகிறார், ஆராய்கிறார், சிறிது மாற்றுகிறார், கடைசியில்தான் தானாக ஒன்றை எழுதுகிறார். நாம் கடைசிப் படியிலிருந்து தொடங்கிவிட்டு, ஏற முடியாதவர்களை நோட்டைப் பார்த்து எழுதச் சொல்கிறோம்.

படிப்பதும் ஊகிப்பதும் அவசியம் என்று ஒப்புக்கொண்டாலும், அவ்வளவு ஒழுங்கில் படைப்பூக்கம் எங்கே நுழையும் என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு விடை கிடைத்திருக்கிறது. 1967-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், சீமோர் பாப்பெர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்ஸைக் ஆகியோர் சிறுவர்களுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். பாப்பெர்ட் அதற்கு முன்பு ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ஜீன் பியாஜேயோடு பணியாற்றி, குழந்தை தன் அறிவைத் தானே கட்டி எழுப்புகிறது என்ற கொள்கையில் ஊறியவர். லோகோவின் ஆமை பிறகு வந்தது. முதலில் தரையில் ஓடும் இயந்திரமாகவும் பின்னர் திரையிலுமாக, ‘முன்னே 100 போ’, ‘வலப்பக்கம் 90 பாகை திரும்பு’ என்ற கட்டளைகளுக்குக் கோடு இழுத்துக்கொண்டே நகர்ந்தது.

அந்த ஆமையைக் கொண்டு முக்கோணம் வரையச் சொல்லிப் பாருங்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று எட்டாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்த பிள்ளை, முன்னே போ, 60 திரும்பு, முன்னே போ, 60 திரும்பு என்று மூன்று முறை எழுதுகிறது. திரையில் வருவது பாதி அறுகோணம். விடையை நாம் சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே செத்துவிடும். எழுந்து நின்று நீயே ஆமையாக நடந்து பார் என்று சொன்னால், மூலையில் நின்று உடம்பைத் திருப்பும்போது தான் திருப்ப வேண்டியது உள்கோணத்தை அன்று, வெளிக்கோணத்தை என்பது காலுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு சுற்று முடித்து முதலில் பார்த்த திசையையே பார்த்து நிற்க மொத்தம் 360 பாகை திரும்பியாக வேண்டும், மூன்று மூலைக்கும் பங்கிட்டால் 120. இதைக் கண்டுபிடித்த பிள்ளையை ஐங்கோணம் வரையச் சொல்லத் தேவையில்லை. அதுவே 72 போட்டுப் பார்க்கும், பிறகு 144 போட்டால் என்ன ஆகும் என்று பார்க்கும், நட்சத்திரம் வரும். பிழை திறந்துவிட்ட கதவின் வழியாகத்தான் அந்த நட்சத்திரம் வந்தது.

ஆமை நமக்கு அயலூர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-இலேயே, நம் வாசல் கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணங்களை, அதாவது ஓர் அமைப்பை உருவாக்கும் விதித்தொகுப்புகளை, கொண்டு விவரித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எண்பதுகளில் பிரெசெமிஸ்லா புருசின்கியெவிச் என்ற அறிஞர், மீண்டும் மீண்டும் பதிலீடு செய்யும் சில விதிகளின் விளைவை ஆமைக் கட்டளைகளாக வாசித்து ஓவியங்கள் வரைந்தபோது, அவற்றுள் கோலமும் இடம்பெற்றது. உலகக் கணினி வரைகலை நூல்களில் ஏறிவிட்ட கோலம், நம் கணினி வகுப்புக்குள் மட்டும் இன்னும் சரியாக நுழையவில்லை. இது எனக்குத் தீராத ஆதங்கம்.

நுழைத்துப் பார்த்தேன். ‘இடுக்குப்புள்ளி, 7 புள்ளி, 4 வரை’ என்று கரும்பலகையில் எழுதி, இந்தப் புள்ளிகளை மட்டும் அச்சிடும் நிரல் வேண்டும் என்றேன். கோலப் புத்தகங்களின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் இந்த ஒற்றை வரியே ஒரு நிரல்தான். நடுவரிசையில் 7, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போய் 4-இல் நிற்க வேண்டும், ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையே விழ வேண்டும் என்று அத்தனையையும் அது சொல்லிவிடுகிறது. முதல் சுற்றில் ஏறக்குறைய எல்லாருடைய திரையிலும் புள்ளிகள் இடப்பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றன. “சார், இது நேர்ப்புள்ளியும் இல்ல, இடுக்குப்புள்ளியும் இல்ல” என்று ஒரு மாணவி தன் நிரலைப் பார்த்துத் தானே சொன்னாள். சரியில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் தினமும் புள்ளி வைத்த கண்ணுக்கு அது உடனே தெரிந்தது. அந்த வகுப்பில் புள்ளி வைக்கத் தெரியாதவன் நான் ஒருவன்தான் என்பதும் பாடத்துக்கு நல்லதாயிற்று.

சிலர் ஏறுவதற்கு ஒரு மடக்கு (கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் அமைப்பு), இறங்குவதற்கு ஒரு மடக்கு என இரண்டு எழுதினார்கள். சிலர் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று பட்டியலே போட்டுவிட்டார்கள். ஒரு மாணவி, நடுவரிசையைச் சுழியம் என்று கொண்டு -3 முதல் 3 வரை ஒரே மடக்கை ஓட்டி, குறியைத் தள்ளிவிட்டுக் கிடைக்கும் எண்ணை 7-இலிருந்து கழித்தாள். அதே எண்ணிக்கையில் முன்னால் வெற்றிடம் விட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு வெற்றிடம் வைத்ததும், புள்ளிகள் தாமாகவே இடுக்கில் போய் விழுந்தன. மூன்றும் சரியான விடைகள். எது நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்லாமல், ‘15 புள்ளி, 8 வரை’ என்று மாற்றிக் கேட்டேன். பட்டியல் போட்டவர்கள் எண்களை வரிசையாகத் தட்டிக்கொண்டிருக்க, அந்தப் பெண் இரண்டே எண்களை மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். பொதுமைப்படுத்துதல் என்ற சொல்லை அன்று நான் உச்சரிக்கவே இல்லை, பட்டியல்காரர்கள் எட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். பாப்பெர்ட்டும் அவர் வழிவந்த மிட்செல் ரெஸ்னிக்கும் கற்றல் கருவிக்கு வாசற்படி தாழ்வாகவும் கூரை உயரமாகவும் சுவர்கள் அகலமாகவும் இருக்க வேண்டும் என்பார்கள். 2007-இல் வெளிவந்த, சிறுவர்களுக்கான நிரல்மொழியான ஸ்கிராட்ச் அந்த எண்ணத்தில் உருவானது. நம் வாசற்படியில் அப்படிப்பட்ட கருவி ஒன்று ஏற்கெனவே கிடக்கிறது.

இனி, நீங்கள் கேட்கக் காத்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவும் செய்ய நேரம் ஏது, தேர்வு என்ன ஆவது? நேரம் பிடிக்கத்தான் செய்யும், மறைக்க மாட்டேன். ஆனால் ஊகிக்கும் பயிற்சிக்குக் கணினி வேண்டியதில்லை. நாற்பது பேருக்குப் பத்துக் கணினி இருக்கும் ஆய்வகத்தில் காத்திருக்கும் முப்பது பேர் செய்வதற்கு அதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. மின்வெட்டு நேரத்திலும் அது நடக்கும். என் வகுப்பில் வெளியீட்டுப் பக்கத்தை மூன்றாகப் பிரித்துவிட்டேன். ஓட்டுமுன் எதிர்பார்த்தது (பேனாவில்); ஓட்டியபின் வந்தது; வேறுபட்டிருந்தால் அதற்குக் காரணம். முதல் பகுதியை அழிக்கக் கூடாது, தவறாக இருந்தாலும் மதிப்பெண் குறையாது என்பது மட்டும் விதி. முதல் மாதம் யாரும் நம்பவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு எதிர்பார்ப்பை எழுதினார்கள். இரண்டாம் மாதம், மூன்றாம் பகுதியில் நன்றாக எழுதிய காரணங்களை நான் வகுப்பில் படித்துக்காட்டத் தொடங்கியதும், ‘என்னுடையதும் தப்பா வந்துச்சு சார்’ என்று பெருமையோடு நோட்டை நீட்டினார்கள்.

செய்முறைத் தேர்வில் சீட்டு எடுத்து வந்த நிரலை எழுதச் சொல்வதை நம்மால் மாற்ற முடியாது. வாய்மொழிக் கேள்வியை மாற்றலாம். ‘மடக்கு என்றால் என்ன?’ என்று கேட்டால் புத்தகத்தின் வரையறை வரும். அவர் எழுதிய நிரலிலேயே ஒரு வரியைத் தொட்டு, ‘இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேட்டால், புரிந்தவரும் மனப்பாடம் செய்தவரும் அரை நிமிடத்தில் பிரிந்துவிடுவார்கள். கேட்டால் நிரல் எழுதிக்கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிள்ளைகளின் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு இந்தக் கேள்விக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. போன வருஷத்து அண்ணனின் இடத்தை இப்போது அந்தக் கருவி எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அண்ணனுடைய நிரல் ஓடும் என்பதில் ஐயம் இருந்ததில்லை. இந்தக் கருவியோ தவறான நிரலையும் அதே நம்பிக்கையோடு தரக்கூடியது. ஆகவே படித்து, ஊகித்து, குறை காண்பது என்பது இனிப் பயிற்சிக்கட்டம் மட்டுமன்று. தொழிலில் இறங்குபவரின் அன்றாட வேலையும் அதுவாகத்தான் இருக்கப்போகிறது.

கோல வகுப்பின் கடைசி அரை மணி நேரத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அச்சிட்ட புள்ளிகளை எண்ணிச் சொல்லவும் நிரலை நீட்டச் சொன்னேன். 1 புள்ளியில் தொடங்கி, 3 புள்ளி 2 வரை, 5 புள்ளி 3 வரை, 7 புள்ளி 4 வரை, 9 புள்ளி 5 வரை என ஐந்து கோலங்களுக்கு. வர வேண்டிய விடைகள் 1, 7, 19, 37, 61. ஒரு மாணவனின் திரையில் 1, 8, 27, 64, 125 என்று வந்திருந்தது. ஒவ்வொரு கோலத்தையும் தொடங்குமுன் எண்ணிக்கையைச் சுழியமாக்கும் வரியை அவன் மடக்குக்கு வெளியே வைத்துவிட்டான். அதனால் பழைய கோலங்களின் புள்ளிகளும் சேர்ந்துகொண்டே போயின. நான் குனிந்து அந்த வரியைக் காட்ட விரலை நீட்டியபோது, பக்கத்தில் இருந்தவன் அவன் தோளைத் தட்டி, “டேய், இது எல்லாம் கன எண்டா” என்றான். ஒன்றின் கனம், இரண்டின் கனம், மூன்றின் கனம். இடுக்குப்புள்ளிக் கோலங்களை அடுக்கிக்கொண்டே போனால் ஏன் கன எண்கள் வருகின்றன என்று இருவரும் என்னைக் கேட்டார்கள். அதை நான் தயாரித்துக்கொண்டு போயிருக்கவில்லை. மணி அடித்துவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை. அவன் நோட்டின் மூன்றாம் பகுதியில் அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. அவனே அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தான்.